ஜிஆர்இ-க்குப் பணம் கட்டும் முன்

வெளிநாட்டில் மேற்படிப்புக்குப் போக நினைக்கும் பலர், எந்தப் படிப்பு என்றே முடிவாகாத நிலையில் அதற்கான நுழைவுத் தேர்வான ஜிஆர்இ-க்குத் தேதி போட்டுவிடுகிறார்கள். வேலை தலைகீழாக நடக்கிறது. பல துறைகள் இப்போது ஜிஆர்இ கேட்பதே இல்லை. சில துறைகள் அனுப்பினாலும் பார்க்க மாட்டோம் என்று எழுதியே வைத்திருக்கின்றன. முதலில் மனதிலுள்ள எட்டுப் பத்து இடங்களின் அட்மிஷன் பக்கத்தைப் படியுங்கள். பல்கலைக்கழகத்தின் பொதுப் பக்கத்தை அல்ல, துறையின் பக்கத்தை. இரண்டும் ஒத்துப்போகாத இடங்கள் உண்டு.

வேலைதான் குறி என்றால் பாடங்களை மட்டும் படிக்கும் கோர்ஸ்வொர்க் மாஸ்டர்ஸ் போதும். செலவு பெரும்பாலும் உங்கள் தலையில்தான். ஆராய்ச்சி பிடிக்குமா என்று தெரியாதவர்களுக்கு தீசிஸ் (ஆய்வேடு) உள்ள மாஸ்டர்ஸ் நல்ல வெள்ளோட்டம். அமெரிக்காவில் இளங்கலை முடித்ததும் நேரே பிஎச்டி சேரலாம். பல துறைகளில் கட்டண விலக்கும் மாத உதவித்தொகையும் உண்டு. ஃபீஸ் மிச்சம் என்பதற்காக மட்டும் அதில் இறங்காதீர்கள், ஐந்தாறு வருடம் போய்விடும். பிஎச்டி சேர்க்கையில் ஸ்கோரைவிட பரிந்துரைக் கடிதமும், ஏன் இந்தப் படிப்பு என்று நீங்கள் எழுதும் எஸ்ஓபியும்தான் பேசும்.

ஜிஆர்இ தேவை என்றே ஆகிவிட்டதா? 2023 செப்டம்பரிலிருந்து தேர்வு 1 மணி 58 நிமிடம்தான். பழைய நான்கு மணி நேரக் கணக்கில் எழுதிய அட்டவணைகளைத் தூக்கிப் போடுங்கள். குவான்ட் எனப்படும் கணக்குப் பிரிவின் முதல் பகுதியில் 12 கேள்வி, 21 நிமிடம். இரண்டாவதில் 15 கேள்வி, 26 நிமிடம். முதல் பகுதியை எப்படிச் செய்கிறீர்களோ அதை வைத்துத்தான் இரண்டாவதின் கடினம் அமையும். எனவே அந்த 12 கேள்விகளில் கவனப்பிழை விட்டால் விலை அதிகம்.

அந்தப் பிழை பெரும்பாலும் நடப்பது ஒப்பீட்டுக் கேள்வியில். x > 0 என்று கொடுத்து, x², x இரண்டில் எது பெரியது என்று கேட்பார்கள். 2, 3 என்று போட்டுப் பார்த்துவிட்டு x² என்று குறித்துவிடுவோம். ½ போட்டால் ¼ வரும், கதை மாறும். 1 போட்டால் இரண்டும் சமம். விடை 'தீர்மானிக்க முடியாது'. பூஜ்யம், ஒன்று, பின்னம், எதிர்ம எண் ஆகியவற்றில் நிபந்தனை அனுமதிப்பதையெல்லாம் போட்டுப் பார்க்காமல் விடை குறிக்காதீர்கள்.

வெர்பல் எனப்படும் ஆங்கிலப் பிரிவுக்காக ஆயிரக்கணக்கில் சொல் மனப்பாடம் செய்வது எனக்கு உடன்பாடில்லாத விஷயம். ஒரே கோடிட்ட இடத்துக்கு இரண்டு சொல் தேர்ந்தெடுக்கும் கேள்வியில் ஒரே பொருள் தரும் ஜோடியைக் கண்டதும் கை பாய்ந்துவிடும். சில நேரம் அந்த ஜோடி வாக்கியத்துக்கே பொருந்தாது, பொறிக்காகவே வைத்திருப்பார்கள். ஒன்று சரி, ஒன்று தவறு என்றால் பாதி மதிப்பெண்ணும் கிடையாது. விடைகளைப் பார்க்கும் முன் கோடிட்ட இடத்தில் உங்கள் சொல் ஒன்றைப் போட்டுவிடுங்கள், தமிழில் என்றாலும் சரி.

நெகட்டிவ் மார்க் இல்லை, எதையும் காலியாக விடாதீர்கள். தேர்வை நடத்தும் ஈடிஎஸ் தரும் இலவச பவர்ப்ரெப் மாதிரித் தேர்வு இரண்டையும் முதல் வாரத்திலேயே தீர்த்துவிட வேண்டாம். ஒன்று தொடக்கத்தில், மற்றது தேர்வுக்குப் பத்து நாள் முன்பு.

மறுபடி எழுத 21 நாள் இடைவெளி வேண்டும். ஸ்கோர் வர 8 முதல் 10 நாள். விண்ணப்பிக்க டிசம்பர் 1 கடைசி நாள் என்றால் முதல் முயற்சி அக்டோபர் நடுவுக்குள் முடிந்திருக்க வேண்டும்.