உச்சிவெயிலில் நடந்தால் கொழுப்பு இரட்டிப்பாகக் கரையுமா?

"வெயிலில், மழைக்கோட்டு போட்டு நடங்கள்; வியர்வையாகக் கொழுப்பு உருகி ஓடும், கலோரி இரண்டு மடங்கு எரியும்" என்று ஒரு வாட்ஸ்அப் செய்தி சுற்றுகிறது. தவறு.

வியர்வையில் இருப்பது தண்ணீரும் உப்பும்தான். நடந்ததும் எடை ஒரு கிலோ குறைந்திருந்தால் போனது தண்ணீர், குடித்ததும் திரும்பிவிடும். ஒரு கிலோ கொழுப்பு கரைய ஏறத்தாழ 7,700 கலோரி எரிய வேண்டும். ஒரு மணி நேர வேக நடையில் எரிவது சுமார் 300.

சரி, வெயிலில் நடக்கும்போது ஸ்மார்ட் கைக்கடிகாரம் ஏன் கலோரியை அதிகமாகக் காட்டுகிறது? உடலைக் குளிர்விக்க ரத்தம் தோலுக்குத் திருப்பிவிடப்படுவதால் இதயம் வேகமாகத் துடிக்கிறது. பல கடிகாரங்கள் அந்தத் துடிப்பை வைத்தே கலோரியைக் கணக்கிடுகின்றன. வெப்பத்தால் கூடுதல் செலவு கொஞ்சம் உண்டு. ஆனால் வெயிலில் சீக்கிரம் களைத்து நடையைக் குறைத்துவிடுவோம்.

மழைக்கோட்டு யோசனைதான் ஆபத்து. வியர்வை ஆவியாக வழியில்லாமல் உடல் சூடேறும். 1997இல் அமெரிக்காவில் இப்படி ரப்பர் உடையுடன் எடை குறைக்க முயன்ற மூன்று கல்லூரி மல்யுத்த வீரர்கள் இறந்தார்கள். அப்புறம்தான் அங்கே கல்லூரி மல்யுத்தத்தில் அந்த உடைக்குத் தடை வந்தது.