நியூ டீல் வீண் செலவா?

ரெண்டாம் உலக யுத்தம் வந்துதான் அமெரிக்கா 1930கள்ல வந்த பொருளாதார மந்தத்துல இருந்து மீண்டுச்சு, அப்போ ஜனாதிபதியா இருந்த ரூஸ்வெல்ட்டோட நியூ டீல், அதாவது மந்தத்த சமாளிக்க அரசு கொண்டு வந்த வேலை, நிவாரணத் திட்டங்கள், வெறும் வீண் செலவுன்னு கட்டுரைல எழுதியிருக்கீங்க, என்னால ஏத்துக்க முடியல சார். 1933ல நாலு பேர்ல ஒருத்தருக்கு வேலை இல்ல, ஆயிரக்கணக்குல பேங்க் திவாலாச்சு. அவர் மார்ச்ல பதவிக்கு வந்ததும் எல்லா பேங்கையும் மூட சொல்லி, கணக்கு பாத்து, தேறுறத மட்டும் திறக்க விட்டாரு, அப்புறம் டெபாசிட்டுக்கு இன்சூரன்ஸ் வந்துச்சு, ஜனங்க அடிச்சு புடிச்சு பணம் எடுக்க ஓடுறது அதோட கிட்டத்தட்ட நின்னே போச்சு. நியூ டீல்ல மரம் நடுற, ரோடு போடுற அரசு முகாமுக்கு போன பசங்களுக்கு மாசம் 30 டாலர், அதுல 25 டாலர் பெரும்பாலும் நேரா வீட்டுக்கே போயிடும், அப்பாவுக்கு வேலை போன வீட்ல அந்தக் காசுலதான் அடுப்பே எரிஞ்சிருக்கும், அதைப் போய் வீண்னு எப்படி சொல்ல மனசு வருது? 1937ல அரசு செலவ குறைச்சாங்க, அமெரிக்காவோட மத்திய வங்கியான ஃபெடரல் ரிசர்வும் பணப் புழக்கத்துல பிடிய இறுக்குச்சு, உடனே பொருளாதாரம் திரும்ப சரிஞ்சுது, இத ஏன் எழுதல? குறையே இல்லன்னு சொல்லல. வயசானவங்களுக்கு பென்ஷன் மாதிரி உதவி தர வந்த 1935 சோஷியல் செக்யூரிட்டி சட்டத்துல விவசாயக் கூலிகளையும் வீட்டு வேலை செய்றவங்களையும் விட்டுட்டாங்க, தெற்கு மாநிலங்கள்ல கறுப்பின மக்கள் நிறைய பேர் அந்த வேலைலதான் இருந்தாங்க. அதை எழுதி திட்டியிருந்தா நானும் உங்க பக்கம் நின்னிருப்பேன்.