எத்தனை கிலோ என்று கேட்டவர்கள் என்ன பிரேக் என்று கேட்டார்களா?

நேற்றோடு மூன்று தடவை ஆயிற்று. விடியற்காலை நாலரைக்கே லைசென்ஸ் ஆபீஸுக்குப் போய், மடக்கு நாற்காலி போட்டு, ஃபிளாஸ்க் டீயோடு வரிசையில் உட்கார்ந்தேன். எனக்கு முன்னால் பதினொரு பேர். பத்தேகாலுக்கு உள்ளே இருந்து ஓர் அம்மா எட்டிப் பார்த்து, "சிஸ்டம் ஆஃப்லைன்" என்றார். கதவைச் சாத்திக்கொண்டார். இந்தத் தென்னாப்பிரிக்காவில் அந்த இரண்டு வார்த்தைக்கு இருக்கிற அதிகாரம் நாடாளுமன்றத்துக்குக்கூடக் கிடையாது. ஒருத்தரும் எதிர்த்துப் பேசவில்லை. எழுந்தோம், நாற்காலியை மடக்கினோம், வந்துவிட்டோம்.

போனது எதற்கென்றால், ஐம்பத்திரண்டு வயதில் லாரி லைசென்ஸ் எடுக்க.

எங்கள் தாத்தா வாங்கிய லேலண்ட் லாரி ஒன்று, டர்பன் பக்கத்து வெருலத்தில் எங்கள் வீட்டுக் கொட்டகையில் நிற்கிறது. 1964 மாடல். அந்தக் காலத்தில் டொங்காட் பக்கத்துத் தோட்டங்களில் இருந்து மேட்ஸ்டன் ஆலைக்குக் கரும்பு அடித்த வண்டி. (ஊரில் இருக்கிற சொந்தக்காரர்கள் இதைப் பார்த்தால் உடனே "நம்ம எண்ணூர் லேலண்டா?" என்பார்கள். இல்லை, இது சீமையில் இருந்து வந்தது. முகஜாடை ஒன்றுதான்.) இப்போது அதற்கு வருஷத்தில் நாலைந்து நாள்தான் வேலை. தைப்பூசக் காவடிக்குப் பந்தல் சாமான், மாரியம்மன் கூழ் பூசைக்கு அண்டாக்கள், யார் வீட்டுக் கல்யாணத்துக்காவது நாற்காலி மேசை. ஒரு ராண்ட் வாடகை வாங்கியதில்லை. இதுவரை அப்பாதான் ஓட்டினார். போன முறை லைசென்ஸ் கார்டு புதுப்பிக்கப் போனபோது கண் பரிசோதனையில் நிறுத்திவிட்டார்கள். அவருக்கு எண்பத்தொன்று ஆகிறது. நிறுத்தியது நியாயம்தான், அதில் எனக்குச் சண்டை இல்லை.

சண்டை அடுத்ததில். என் கார்டில் இருப்பது கோட் பி, அதாவது பழைய கணக்கில் எட்டு. அதை வைத்துக்கொண்டு 3,500 கிலோ வரை ஓட்டலாம். அதற்கு மேல் 16,000 கிலோ வரை சி1, பழைய கோட் பத்து. அதையும் தாண்டினால் சி. பின்னால் இழுவை வண்டி மாட்டினால் இசி1, இசி. கிலோ என்றால் ஏற்றியிருக்கிற கிலோ அல்ல, தகட்டில் பொறித்திருக்கிற மொத்த எடை. எங்கள் லேலண்ட் தகட்டில் பதினாலு டன் சொச்சம். பெட்டி காலியாக இருந்தாலும் பதினாலு டன்தான். ஆக எனக்கு வேண்டியது கோட் பத்து.

இந்த நாட்டில் கோட் பத்து யார் எடுக்கிறார்கள் என்று யாருக்குத் தெரியாது? லாரி ஓட்டப் போகிறவர்களைவிட, கார் ஓட்டப் போகிறவர்கள்தான் அதிகம்! கார் டெஸ்டில் பேரலல் பார்க்கிங் உண்டு, லாரி டெஸ்டில் கிடையாது. கோட் பத்து எடுத்தால் காரும் சேர்ந்து வந்துவிடும். அதனால் பதினெட்டு வயசுப் பிள்ளைகள் எல்லாம் டிரைவிங் ஸ்கூலின் நாலரை டன் குட்டி லாரியில் ஏறி, நேராகப் பின்னால் எடுத்து, சந்துக்குள் திருப்பி நிறுத்தி, மேட்டில் உருளாமல் கிளப்பிக் காட்டி, கார்டை வாங்கிக்கொண்டு நேரே போலோ காரில் ஏறிவிடுகிறார்கள். அந்தக் குட்டி லாரிகளில் பலவற்றில் ஹைட்ராலிக் பிரேக். கார் மாதிரியே மிதித்தால் எண்ணெய் தள்ளும், நிற்கும்.

என் அக்கா மகன் அப்படி எடுத்தவன்தான். பத்தொன்பது வயசு. நல்ல பிள்ளை, குறை சொல்லவில்லை. ஆனால் லைசென்ஸை மட்டும் பார்த்தால் அவன் நாளைக்கே எங்கள் லேலண்டை எடுத்துக்கொண்டு ரோட்டில் போகலாம். அதில் ஏர் பிரேக் என்று ஒன்று இருப்பதே அவனுக்குத் தெரியாது. "மாமா, இந்த மீட்டர் எதுக்கு, டயருக்கா?" என்று கேட்டான். காற்று அழுத்தம் காட்டுகிற முள்ளைப் பார்த்து!

இன்னும் கேளுங்கள். நான் லேர்னர்ஸ் லைசென்ஸ் எடுத்த பிறகு அந்த வண்டியை ஓட்டிப் பழக வேண்டுமென்றால் பக்கத்தில் அந்த வகை லைசென்ஸ் உள்ள ஒருவர் உட்கார வேண்டும். எங்கள் வீட்டில் அது யார்? அவன்தான். முப்பது வருஷமாக அந்த வண்டிக்கு அடியில் படுத்து பிரேக் டைட் வைத்தவன் நான். எனக்கு வாத்தியார், டயர் மீட்டர் தம்பி.

ஏர் பிரேக் தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். இன்ஜின் ஓட ஓட கம்ப்ரசர் காற்றை அடித்துத் தொட்டியில் சேர்க்கும். நீங்கள் பெடலை மிதித்தால் அந்தக் காற்று குழாய் வழியாகப் போய்ச் சக்கரத்தில் பிரேக் பிடிக்கும். காற்று போய்ச் சேர ஒரு நொடியில் பாதி ஆகும், அந்த அரை நொடிக்குள் வண்டி எத்தனை அடி ஓடும் என்பது காலுக்குத் தெரிந்திருக்க வேண்டும். காரில் செய்வது போல மிதித்து மிதித்து விட்டால் ஒவ்வொரு மிதிக்கும் தொட்டிக் காற்று செலவாகும். இறக்கத்தில் அப்படிச் செய்தால் கம்ப்ரசர் நிரப்புவதற்குள் தீர்ந்துவிடும். பிரேக் டிரம் சூடேறினால் காற்று நிறைய இருந்தும் லைனிங் பிடிக்காது. இறக்கம் தொடங்குமுன் கியரைக் குறைக்கத் தெரியாதவனுக்குக் கீழே பிரேக்கும் இல்லை, கியரும் விழாது. கடற்கரை ஈரக் காற்று இங்கே, தினம் தொட்டியில் தேங்கிய தண்ணீரைத் திறந்து விட வேண்டும். பிரேக் ஷூ தேய்ந்தால் தானாகச் சரி செய்துகொள்கிற சங்கதி எல்லாம் பழைய வண்டியில் கிடையாது. ஸ்பேனரோடு அடியில் படுக்க வேண்டியதுதான்.

இதைவிடப் பெரிய விஷயம் ஒன்று இருக்கிறது. இன்றைய லாரியில் நிறுத்தும் பிரேக்கை இழுத்துப் பிடிப்பது காற்று அல்ல, ஸ்பிரிங். காற்றுதான் அந்த ஸ்பிரிங்கைத் தள்ளி வைத்திருக்கும். காற்று போனால் ஸ்பிரிங் வந்து பூட்டிக்கொள்ளும், வண்டி நின்றுவிடும். எங்கள் லேலண்டில் அந்த ஸ்பிரிங் இல்லை. காற்று போனால் பிரேக்கும் போயிற்று. மிச்சம் இருப்பது கையால் இழுக்கிற இரும்புக் கம்பி ஒன்றுதான். அதையும் காலை டாஷ்போர்டில் முட்டுக்கொடுத்து இழுக்க வேண்டும். முள் 90 பவுண்டுக்கு ஏறாமல் சக்கரம் அசையக் கூடாது என்பது அப்பாவின் சட்டம். அரசாங்கம் தருகிற லைசென்ஸில் அதைப் பற்றி ஒரு வரி வராது. கார்டில் ஆட்டோமேட்டிக் கியர் மட்டும்தான் ஓட்டலாம் என்று குறிப்பதற்கு ஓர் எண் உண்டு. காற்றா எண்ணெயா என்று குறிக்க ஒன்றும் இல்லை.

அமெரிக்காவில் ஏர் பிரேக் இல்லாத லாரியில் டெஸ்ட் கொடுத்தால் லைசென்ஸில் 'எல்' என்று தடை போட்டுவிடுவார்கள். கனடாவின் ஒன்டாரியோவில் 'இசட்' என்று தனியாக எழுதி வாங்க வேண்டும். இங்கிலாந்தில் இன்னொரு கூத்து. 1960க்கு முன் செய்த லாரியைச் சரக்கு இல்லாமல் ஓட்டினால் இருபத்தொரு வயதானவருக்குக் கார் லைசென்ஸே போதும். பழைய வண்டிப் பிரியர்கள் அதைச் சொல்லி என்னிடம் பெருமூச்சு விடுகிறார்கள். எனக்கு அந்தச் சலுகையும் வேண்டாம். பழைய வண்டிதான் ஐயா அதிகம் தெரிந்தவன் ஓட்ட வேண்டிய வண்டி! என்னைச் சோதியுங்கள். பிரேக்கைப் பற்றிச் சோதியுங்கள் என்றுதான் கத்துகிறேன்.

போன மார்ச்சில் நடந்ததைச் சொன்னால் சிரிப்பீர்கள். இந்த எடை வண்டிக்கு வருஷா வருஷம் ரோட்வொர்த்தி, அதாவது ரோட்டில் ஓடத் தகுதி என்கிற சான்று, எடுக்க வேண்டும். லைசென்ஸ் உள்ள டிரைவர் ஒருவரை வைத்து ஒரு சோதனை நிலையத்துக்குக் கொண்டுபோனேன். பேர் சொல்லவில்லை. அங்கே பரிசோதிக்கும் தம்பி இசி கார்டு வைத்திருப்பவர், இருக்கிறதிலேயே பெரிய கோட். உள்ளே ஏறி மஞ்சள் குமிழைத் தேடுகிறார். இன்றைய லாரிகள் சிலவற்றில் அதை இழுத்தால் புஸ்ஸென்று காற்று போய் ஸ்பிரிங் பிடிக்கும். எங்கள் வண்டியில் குமிழ் ஏது? கம்பியைக் காட்டினேன். ஹேண்ட்பேக் தூக்குகிற மாதிரி இரண்டு விரலால் இழுத்துவிட்டு, இன்ஜினை நிறுத்தி, இறங்கிப் பேப்பர் எழுதப் போய்விட்டார். "தம்பி, இன்னும் நாலு பல் இழுக்கணும், கட்டை வைக்கணும்" என்கிறேன். "பிரேக் போட்டாச்சு அங்கிள்" என்கிறார். கம்பி சரியாகப் பிடிக்கவில்லை. பதினாலு டன் தகடு பொறித்த வண்டி தானாக நகர்ந்து போய், சுவரோரத்துக் குப்பை டிரம்மை நசுக்கி நின்றது. அங்கே யாராவது குனிந்து சிகரெட் பற்ற வைத்துக்கொண்டிருந்தால்?

அவர் படிவத்தில் என்ன எழுதினார் தெரியுமா? "ஹேண்ட் பிரேக் திருப்தியில்லை." மறுபடி பணம் கட்டி மறுபடி போனேன். வேறு ஆள் இழுத்தார், பாஸ்.

விளையாட்டுக்குச் சொல்லவில்லை. இந்தக் குவாசூலு-நட்டால் மாகாணத்தில் என்3 நெடுஞ்சாலையில் டவுன் ஹில்லும் வான் ரீனன் கணவாயும் ஏறி இறங்குகிறவர்களுக்குத் தெரியும். 2013 செப்டம்பரில் பைன்டவுன் ஃபீல்ட்ஸ் ஹில்லில் ஒரு லாரி நிற்காமல் இறங்கி ரோபோ (சிக்னலுக்கு இங்கே அந்தப் பேர்) சந்திப்பில் டாக்சிகளை மோதியதில் 20 பேருக்கு மேல் செத்தார்கள். அதன்பின் எத்தனை பேச்சு, எத்தனை கூட்டம். பெரிய லாரிகள் அந்த வழியே போகக் கூடாது என்று பலகை வைத்தார்கள். கோட் பத்து டெஸ்டில் இன்றும் ஹைட்ராலிக் குட்டி லாரிதான் சந்துக்குள் திரும்பிக்கொண்டிருக்கிறது.

காகிதத்துக்கு மட்டும் குறைவில்லை. கோட் பத்து கிடைத்தாலும் தீராது. 3,500 கிலோவைத் தாண்டிய சரக்கு வண்டி என்பதால் பிஆர்டிபி என்கிற தொழில் டிரைவர் பெர்மிட் வேண்டும். டாக்டர் சர்ட்டிபிகேட், போட்டோ. இரண்டு வருஷத்துக்கு ஒரு தரம் இதே சடங்கு. எனக்கு என்ன தொழில்? அண்டா தூக்குகிற தொழில்! எனக்குச் சர்க்கரை இருக்கிறதா என்று பார்ப்பார்கள், முள் எத்தனையில் நின்றால் வண்டியை எடுக்கலாம் என்று கேட்க ஒரு நாதி இல்லை.

எல்லாம் முடிந்தாலும் கார்டு அச்சாக வேண்டும். அதற்கு இந்த நாடு முழுவதற்கும் இருப்பது ஒரே ஓர் இயந்திரம். 2025 பிப்ரவரியில் அது படுத்துக்கொண்டபோது லட்சக்கணக்கில் கார்டுகள் தேங்கின. எங்கள் லேலண்ட் 1964இல் வந்தது, இன்னும் ஒரு சுற்றில் கிளம்புகிறது.

நேற்று வரிசையில் ஒருவர் என் பக்கம் சாய்ந்து, "அண்ணே, கூல் டிரிங்க்ஸுக்கு ஏதாவது கொடுத்தால் இத்தனை அலைச்சல் வேண்டாமே" என்றார். இங்கே கூல் டிரிங்க்ஸ் என்றால் என்ன அர்த்தம் என்று எல்லோருக்கும் தெரியும். கொடுக்க மாட்டேன். பத்தினித்தனம் என்று நினைக்காதீர்கள், ஆத்திரம். தெரியாதவன் பணம் கொடுத்து வாங்கட்டும், தெரிந்தவன் ஏன் கொடுக்க வேண்டும்?

வீட்டுக்கு வந்ததும் கொட்டகையில் வண்டியைக் கிளப்பி விட்டேன், பேட்டரிக்காக. அப்பா திண்ணையில் உட்கார்ந்திருந்தார். அவருக்கு முள் தெரியாது, கம்ப்ரசர் சத்தம்தான். கொஞ்ச நேரம் கேட்டுவிட்டு, "எண்பது ஏறிடுச்சா?" என்றார். போய்ப் பார்த்தேன். எண்பத்திரண்டு.

திங்கட்கிழமை மறுபடி வரிசை. இந்தத் தடவை மூன்றரைக்கே போகிறேன்.