மெத்திலீன் புளூவை விட்டுவிட்டுத் திருபுவனத்துக்கு வாங்க

வேதியியல் முதுகலை மாணவர்கள் ஆய்வுத் திட்டம் சமர்ப்பிக்கும் நாளில் போய் உட்கார்ந்து கேட்பது எனக்குப் பிடிக்கும். தஞ்சாவூர், கும்பகோணம், மயிலாடுதுறை எங்கே போனாலும் ஒரு தலைப்பு மட்டும் தவறாமல் வந்துவிடுகிறது: சூரிய ஒளியில் சாயக்கழிவு நீரைச் சுத்திகரிப்பது. செய்முறையும் எல்லா இடத்திலும் ஒன்றுதான். காய்ச்சி வடித்த தண்ணீர், அதில் ஒரு சிட்டிகை மெத்திலீன் புளூ என்ற நீலச் சாயம், கொஞ்சம் டைட்டானியம் டை ஆக்சைடு பொடி, கல்லூரி மொட்டை மாடி வெயில். மதியத்துக்குள் நீலம் வெளிறிவிடும். திரையில் சரிந்து இறங்கும் கிராஃபைக் காட்டினால் எல்லோரும் கை தட்டுவார்கள்.

அறிவியலில் குறை சொல்ல ஒன்றுமில்லை. இரும்பு உப்பும் ஹைட்ரஜன் பெராக்சைடும் சேர்ந்தால் கரிமப் பொருள் வேகமாக ஆக்சிகரணம் அடைவதை 1894இலேயே ஃபென்டன் என்ற வேதியியலாளர் எழுதிவிட்டார், ஃபென்டன் முறை என்பது இதுதான். அதில் பிறக்கும் ஹைட்ராக்சில் ரேடிக்கல் என்ற கணநேரத் துணுக்கு குளோரினையும் ஓசோனையும் விட மூர்க்கமானது. எதிர்ப்படும் கரிம மூலக்கூறுகளில் பெரும்பாலானவற்றைக் கடித்துத் துண்டாக்கும். வெயிலும் சேர்ந்தால் செலவழிந்த இரும்பு மறுபடி பழைய நிலைக்குத் திரும்பும், அதனால் கொஞ்சம் இரும்பே போதும். டைட்டானியம் டை ஆக்சைடு வேறு வழி, ஒளி பட்டால் அதுவும் ரேடிக்கலைப் பிறப்பிக்கும். 1972இல் ஜப்பானிய விஞ்ஞானிகள் ஃபுஜிஷிமாவும் ஹோண்டாவும் அதன்மேல் புற ஊதா ஒளி விழுந்தால் தண்ணீரே பிளவுபடும் என்று காட்டிய பிறகு உலகமே அதன் பின்னால் ஓடியது. ஆனால் அந்தப் பொடி 387 நானோமீட்டருக்குக் குறைந்த அலைநீளத்தை மட்டும்தான் பிடிக்கும். நம் தலையைப் பிளக்கும் சித்திரை வெயிலிலும் அந்தப் பங்கு நூற்றுக்கு நாலோ ஐந்தோதான்.

என் சண்டை அந்த மெத்திலீன் புளூவோடு. அது தானே ஒளியை உறிஞ்சி, பொடியின் தயவில்லாமலே கொஞ்சம் வெளிறக்கூடியது. காய்ச்சி வடித்த தண்ணீரில் ரேடிக்கலுக்குப் போட்டியும் கிடையாது. நிஜப் பட்டறைத் தண்ணீரில் சோப்பு, சோடா, உப்பு எல்லாம் இருக்கும். கார்பனேட்டும் குளோரைடும் ரேடிக்கலைப் பாதி வழியிலேயே பிடித்துத் தின்றுவிடும். மாடியில் இரண்டு மணி நேரத்தில் முடிந்த வேலை பட்டறையில் பொழுது சாய்ந்தாலும் முடியாது.

இன்னொன்று, டெல்டாக்காரர்களான நாம் கவனிக்க வேண்டியது. நிறம் போனால் உப்பு போகாது. பருத்தி நூலுக்கு ரியாக்டிவ் சாயம் ஏற்ற லிட்டருக்கு ஐம்பது, அறுபது கிராம் உப்புகூடப் போடுகிறார்கள். வெயிலும் பெராக்சைடும் அதை ஒன்றும் செய்யாது. அந்தத் தண்ணீர் காரத்தன்மை உடையது, ஃபென்டன் முறைக்கோ பி.எச். 3 பக்கம், அதாவது நல்ல அமிலமாக, வர வேண்டும். அதற்கு அமிலம் ஊற்றி, கடைசியில் மறுபடி காரம் ஊற்றினால் உப்பு இன்னும் ஏறத்தான் செய்யும். நொய்யலும் அமராவதியும் சாயநீரைச் சுமந்த காலத்தை நாம் மறந்துவிடவில்லை, இரண்டும் கரூர் மாவட்டத்தில் காவிரியில்தான் கலக்கின்றன. பாசனத்துக்காக 1992இல் கட்டிய ஒரத்துப்பாளையம் அணை சாயத் தொட்டியாகிப் போனது. 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் திருப்பூர்ச் சாயப்பட்டறைகளை மூடச் சொன்னதும், பட்டறையிலிருந்து ஒரு சொட்டுகூட வெளியே போகக் கூடாது என்ற நிபந்தனை நிறைவேறாததால்தான். அங்கே உப்பைப் பிரிக்க ஆர்.ஓ. சவ்வும் ஆவியாக்கும் கலனும்தான் வேண்டும். வெயில் சிகிச்சையைக் காட்டி “நிறமே இல்லை பாருங்கள்” என்று யாராவது ஆற்றில் விடக் கேட்டால், கடைமடைக்காரன் கரைந்த உப்பை அளக்கும் டி.டி.எஸ். மீட்டரை எடுத்துக்கொண்டு போய் நிற்க வேண்டும்.

அப்படியானால் இந்த ஆராய்ச்சிக்கு நம் பக்கத்தில் இடமே இல்லையா? இருக்கிறது. கும்பகோணத்துக்குப் பக்கத்திலேயே திருபுவனம் இருக்கிறது. 2019இல் புவிசார் குறியீடு வாங்கிய பட்டு. பட்டுக்குப் பெரும்பாலும் அமிலச் சாயம், அதை ஏற்ற அசிட்டிக் ஆசிட். சாயத்தொட்டித் தண்ணீரே அமிலமாக இருக்கும், பருத்திச் சாயம் அளவுக்கு உப்பும் இருக்காது. ஃபென்டன் முறை கேட்கும் சூழ்நிலையில் பாதி தானாகவே அமைந்துவிடுகிறது. பட்டின் பசையை எடுக்கச் சோப்பும் சோடாவும் போட்டுக் கொதிக்கவைத்த தண்ணீரை மட்டும் இதில் கலக்காமல் தனி வாய்க்காலில் விட்டால் போதும். அளவும் சிறியது. ஒரு பட்டறைக்குப் பெரிய ஆலை வேண்டாம். ஸ்பெயினில் அல்மேரியா பக்கத்துப் பாலைவனத்தில் ஒரு சூரிய ஆற்றல் ஆய்வு நிலையம் இருக்கிறது, அங்கே இந்த வெயில் சிகிச்சையையும் ஆராய்கிறார்கள். வளைந்த கண்ணாடிகளும் குழாய்களுமாகத் தொடங்கியவர்கள் பிறகு ஆழமில்லாத தொட்டியில் தண்ணீரைச் சுற்றவிடும் மலிவான வழியையும் சோதித்தார்கள். நாற்றங்காலில் தண்ணீர் நிறுத்துவது போல நாலு விரல் ஆழம், அவ்வளவுதான். ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் என்ன செய்வது என்று கேட்பார்கள். அந்த நாளில் நூலும் காயாது, சாயவேலையும் மந்தம். அவசரமென்றால் வெயில் இல்லாமலும் ஃபென்டன் நடக்கும், இரும்புதான் கூடுதலாகச் செலவாகும்.

(அரிசி ஆலை ஊறல் தண்ணீருக்கும் இதைச் செய்யலாமே என்று ஒரு நண்பர் கேட்டார். வேண்டாம். அது நாறினாலும் நுண்ணுயிர் விரும்பித் தின்னும் சரக்கு. அதற்குச் சாண எரிவாயு வழி இருக்கிறது. பெராக்சைடை அதில் கொட்டுவது காசைக் கரைப்பது.)

காசு என்றதும் கணக்கு. சி.ஓ.டி. என்பது தண்ணீரிலுள்ள கரிம அழுக்கை ஆக்சிகரணம் செய்ய எவ்வளவு ஆக்சிஜன் வேண்டும் என்ற அளவு. ஒரு கிராம் சி.ஓ.டி.யை முழுதாக எரிக்கக் கோட்பாட்டளவில் 2.125 கிராம் பெராக்சைடு வேண்டும். லிட்டருக்கு 1000 மில்லிகிராம் சி.ஓ.டி. உள்ள தண்ணீர் ஆயிரம் லிட்டர் என்றால், கடையில் வாங்கும் 50 சதவீதச் சரக்கில் நாலேகால் கிலோ. முழுதாக எரிக்கத் தேவையில்லை, பாதி உடைத்துவிட்டு மிச்சத்தை நுண்ணுயிரிடம் விடலாம் என்பதுதான் கெட்டிக்காரத்தனம். எவ்வளவு உடைத்தால் நுண்ணுயிர் தின்னும்? நம் பிள்ளைகள் மாடியில் கண்டுபிடிக்க வேண்டியது இதைத்தான். மிச்சம் நிற்கும் பெராக்சைடு சி.ஓ.டி. சோதனையிலும் கை வைத்து அளவை ஏற்றிக் காட்டும் என்பதையும் ஆசிரியர்கள் சொல்லிக்கொடுங்கள்.

கடைசியாக, யாரும் திரையில் காட்டாத சங்கதி ஒன்று. பட்டுக்குப் போடும் ஆழ்ந்த நிறங்கள் சிலவற்றில் சாய மூலக்கூறுக்குள் குரோமியம் கட்டுண்டு கிடக்கும். மூலக்கூறை உடைத்தால் குரோமியம் வெளியே வரும், ஆக்சிகரணம் மிஞ்சினால் நஞ்சான ஆறு இணைதிறன் வடிவத்துக்கும் போகலாம். சுண்ணாம்பு போட்டு இரும்பை வண்டலாக இறக்கும்போது குரோமியமும் அதோடு சேர்ந்ததா என்று அளக்காமல் எந்த ஆய்வும் முடிந்ததாகாது. சேர்ந்திருந்தால் அந்த வண்டல் அபாயக் கழிவு, கொல்லையில் புதைக்க முடியாது. அதைப் பாதுகாப்பாகப் புதைக்கும் இடங்களில் ஒன்று சென்னையையும் தாண்டிக் கும்மிடிப்பூண்டியில் இருக்கிறது. ஒரு பட்டறைக்கு மாதம் எத்தனை கிலோ வண்டல் சேரும், எத்தனை பட்டறை சேர்ந்தால் ஒரு லாரி பிடிக்கக் கட்டுப்படியாகும், அந்த வாடகையைச் சாயக்கூலியில் எங்கே ஏற்றுவது? அடுத்த திட்ட அறிக்கையில் கிராஃபுக்குப் பக்கத்தில் இந்தக் கணக்கும் இருக்கட்டும்.