டீக்கடைக்குத் தெரிந்த மூன்றாம் நபர்

போன வருஷம் எங்கள் காவல் நிலையத்துக்குப் புது இன்ஸ்பெக்டர் வந்தார். வந்த வாரமே டீக்கடையில் அவருடைய ஜாதகத்தை அலசிவிட்டார்கள். "முந்தின ஸ்டேஷன்ல ஒரு பையனை அறைஞ்சதுல காது ஜவ்வு கிழிஞ்சுபோச்சு. கொஞ்ச நாள் ஆயுதப்படையில போட்டாங்க, அப்புறம் இங்க." உண்மையாக இருக்கலாம். வேண்டாதவர் யாரோ கிளப்பிவிட்டதாகவும் இருக்கலாம்.

அரைகுறைப் பேச்சு எனக்குப் பிடிக்காது. 10 ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டித் தகவல் உரிமைச் சட்டத்தில் ஒரு மனு போட்டேன். கடந்த ஐந்து வருடத்தில் இவர்மீது துறை நடவடிக்கை உண்டா, உண்டென்றால் என்ன தண்டனை, அவ்வளவுதான் கேள்வி. 28-ஆம் நாள் பழுப்பு உறை வந்தது. உள்ளே இரண்டரை வரி: கோரியது மூன்றாம் நபரின் தனிப்பட்ட தகவல், பிரிவு 8(1)(ஜெ)-யின்படி வழங்க இயலாது. கீழே பாதி அழிந்த ரப்பர் ஸ்டாம்ப்.

நடுராத்திரி என் கதவைத் தட்ட அதிகாரம் உள்ளவர் எனக்கு மூன்றாம் நபராம்!

பதில் போட்ட அலுவலரைக் குறை சொல்ல மாட்டேன். 2012-இல் கிரிஷ் ராமச்சந்திர தேஷ்பாண்டே வழக்கில் உச்ச நீதிமன்றமே அப்படித்தான் சொன்னது. அரசு ஊழியருக்குக் கொடுத்த மெமோ, விளக்கம் கேட்ட நோட்டீஸ், தண்டனை எல்லாம் தனிப்பட்ட தகவல். பொதுநலன் இருப்பதாகக் காட்டினால்தான் தரலாம். அதே பிரிவில் முன்பு ஒரு நல்ல வரி இருந்தது: சட்டமன்றத்துக்கு மறுக்க முடியாத தகவலை எந்த மனிதருக்கும் மறுக்கக் கூடாது. 2023-இல் வந்த தரவுப் பாதுகாப்புச் சட்டம் அதையும் வெட்டிவிட்டது; 2025 நவம்பரில் அது நடைமுறைக்கும் வந்தாயிற்று. பொதுநலனுக்காகத் தரலாம் என்னும் 8(2) மட்டும் மிச்சம் இருக்கிறது. அதைப் பயன்படுத்த அந்த நாற்காலியில் கொஞ்சம் துணிச்சலான ஆள் உட்கார வேண்டும்.

இந்தப் பக்கம் நம் கதையைப் பாருங்கள். எஃப்.ஐ.ஆர். பதிந்த 24 மணி நேரத்துக்குள் அதை இணையத்தில் ஏற்ற வேண்டும் என்று 2016-இல் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. பாலியல் குற்றம் போன்ற சில வழக்குகளுக்கு மட்டும் விலக்கு. குற்றம் சாட்டப்பட்டவருக்கு உதவத்தான் அந்த உத்தரவு, நல்லதுதான். ஆனால் இன்னும் எதுவும் நிரூபணமாகாத ஒரு ஆளின் பெயரை ஊரே படிக்கலாம். விசாரணை நடத்தித் துறையே தண்டித்த அதிகாரியின் பெயரைப் படிக்க முடியாது. வாடகைக்கு வருபவர், வீட்டு வேலைக்கு வருபவர் பின்னணியைச் சரிபார்க்கத் தமிழகக் காவல்துறையே இணையத்தில் வசதி வைத்திருக்கிறது. இன்ஸ்பெக்டரைச் சரிபார்க்க டீக்கடைதான்.

நியூயார்க்கிலும் ரொம்ப நாள் இப்படித்தான் இருந்தது. 1976-இல் வந்த '50-ஏ' என்ற சட்டப்பிரிவு போலீஸ்காரர்களின் பணிப் பதிவேட்டை மூடி வைத்தது. 2014-இல் எரிக் கார்னரைக் கழுத்தை நெரித்துக் கொன்ற அதிகாரியின் பழைய பதிவைக் கேட்டபோதும் கிடைக்கவில்லை. 2017-இல் யாரோ கசியவிட்ட பிறகுதான் அவர்மீது முன்பே நிரூபணமான புகார்கள் இருந்தது தெரிந்தது. மினியாபோலிஸில் ஒரு போலீஸ்காரர் ஜார்ஜ் ஃபிளாய்ட் என்பவரைக் கொன்ற பின் 2020 ஜூனில் அந்தப் பிரிவையே நீக்கினார்கள். போலீஸ் சங்கங்கள் கோர்ட்டுக்குப் போயும் பெரிதாக ஒன்றும் நடக்கவில்லை. பதிவேட்டைத் திறந்துவிட்டால் அடி நின்றுவிடும் என்று நான் நம்பவில்லை. அடித்தவரை இன்னொரு ஊரில் சத்தமில்லாமல் உட்கார வைப்பது கஷ்டமாகும், அதுவே எனக்குப் போதும்.

போலீஸ் வேலையில் பொய்ப் புகார் வரும், தெரியும். ரவுடியைப் பிடித்தவர்மீது ரவுடியின் மச்சான் மனு கொடுப்பார். அதனால் வந்த மனுவை எல்லாம் கேட்கவில்லை. வீட்டு முகவரி, பிள்ளைகள் படிக்கும் பள்ளி, மருத்துவ விடுப்பு எதுவும் எனக்கு வேண்டாம். விசாரித்து முடித்து, இன்கிரிமென்ட் வெட்டியிருந்தால் அந்த உத்தரவின் ஒரு பக்கம். பொய்ப் புகார் என்று தள்ளியிருந்தால் அதையும் தாருங்கள். டீக்கடைப் பேச்சிலிருந்து அந்த மனிதருக்கும் விடுதலை கிடைக்கும்.

முதல் மேல்முறையீடு தள்ளுபடி. இரண்டாவது மாநிலத் தகவல் ஆணையத்தில் கிடக்கிறது. அதற்குள் இன்ஸ்பெக்டர் மாற்றலாகிப் போய்விட்டார். அடுத்து வந்தவரைப் பற்றி நேற்றுக் காலையே பேச்சு ஆரம்பித்தாயிற்று.