மானிப்பாய் கிறீன் வைத்தியரின் நன்றி

மிஷனரி வைத்தியர்களுக்கு நோயாளிகள் காட்டிய நன்றியை மட்டுமே நான் வாசித்த ஒரு கட்டுரை பேசுகிறது. நன்றி அந்தப் பக்கம் மட்டும்தான் இருந்தது என்பதை என்னால் ஏற்க முடியவில்லை. அமெரிக்காவிலிருந்து 1847இல் யாழ்ப்பாணம் வந்த மிஷனரி வைத்தியர் சாமுவேல் பிஸ்க் கிறீனைப் பாருங்கள். அங்குள்ள மானிப்பாயில் ஓயாமல் நோயாளிகளைப் பார்த்துக்கொண்டே தமிழ் படித்து, உடற்கூறு, சத்திரசிகிச்சை, மகப்பேறு நூல்களைத் தமிழாக்கி, தமிழிலேயே மாணவர்களுக்கு வைத்தியம் கற்பித்தார். எவ்வளவு பொறுமை வேண்டும்! என் அப்பம்மா தன் காலத்தில் ஆஸ்பத்திரி டொக்டருக்கு முட்டையும் வாழைக்குலையும் கொண்டுபோவாராம். சரி, அதுவும் நன்றிதான். ஆனால் அமெரிக்கா திரும்பி 1884இல் இறந்த கிறீனின் கல்லறையில், அவர் விருப்பப்படியே, ‘தமிழருக்கான மருத்துவ நற்செய்தி ஊழியர்’ என்று பொறித்திருக்கிறார்கள். அதை அவர் நம்மவர்களுக்குச் சொன்ன நன்றியாகத்தான் நான் வாசிக்கிறேன்.