பெர்ஃபார்மன்ஸ் மோடு மருந்தல்ல

போன வாரம் பக்கத்து வீட்டுத் தம்பி தன் பழைய ஏஎம்டி லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு வந்தான். "அண்ணா, நாலு டேப் திறந்தாலே கொதிக்குது. பேட்டரி ஒன்றரை மணி நேரம்கூட நிக்கல." லினக்ஸ்தான் போட்டிருக்கிறான். புராசசர் எந்த வேகத்தில் ஓட வேண்டும் என்று முடிவுசெய்யும் கவர்னர் என்னவென்று பார்த்தால், ‘பெர்ஃபார்மன்ஸ்’. ஸ்க்ரோல் திக்குகிறது என்று ஏதோ வீடியோ பார்த்து மாற்றினானாம். புராசசருக்குள் தனித்தனியாக வேலை செய்யும் ஒவ்வொரு கோரும் எப்போதும் உச்ச வேகத்தில்.

இந்த ஆலோசனையைக் கேட்டாலே எனக்குக் கோபம் வருகிறது. வேகத்தைக் கூட்டினால் மின்னழுத்தத்தையும் கூட்ட வேண்டும். செலவாகும் மின்சாரம் அந்த அழுத்தத்தின் வர்க்கத்தோடு ஏறும். வேகத்தைப் பாதியாக்கி அழுத்தத்தை 30 சதவீதம் குறைக்க முடிந்தால், சிப் இழுக்கும் மின்திறன் ஏறக்குறைய கால்பங்குதான். வேலை முடிய இரட்டிப்பு நேரம் ஆகட்டுமே, மொத்தச் செலவு பாதி! (வேலை இல்லாதபோதும் சிப்பில் கசியும் மின்சாரம் தனிக் கணக்கு.)

ஆனால் தம்பி சொன்ன திக்கல் பொய்யில்லை. 2004-இல் வந்த ‘ஆன்டிமாண்ட்’ கவர்னர் வெளியே நின்று, புராசசர் எவ்வளவு நேரம் பிஸியாக இருந்தது என்று மட்டும் பார்க்கும். எந்த வேலை ஓடுகிறது, அது எவ்வளவு கேட்கும் என்பது, வேலைகளுக்கு முறை போட்டுக் கொடுக்கும் ஷெட்யூலருக்குத்தான் தெரியும். அந்தக் கணக்கை வைத்தே வேகத்தைத் தீர்மானிக்கும் ‘ஷெட்யூடில்’ கவர்னர் 2016-இல், லினக்ஸின் மையமான கெர்னலின் 4.7 பதிப்பில் வந்தது. சரியான முடிவு என்பேன்.

அதற்கும் ஒரு குறை உண்டு. ஷெட்யூலரின் சுமைக் கணக்கில் பழைய நினைவு 32 மில்லிசெகண்டுக்கு ஒருமுறை பாதியாகத் தேயும். வெகுநேரம் தூங்கிய வேலை திடீரென எழுந்தால், 16 மில்லிசெகண்ட் இடைவிடாமல் ஓடிய பிறகும் அதன் சுமை 29 சதவீதம் என்றே பதிவாகும். ஷெட்யூடில் அதன்மேல் கால்பங்கு சேர்த்துக் கொடுத்தாலும் வேகம் உச்சத்தில் 37 சதவீதத்தைத் தாண்டாது. 60 ஹெர்ட்ஸ் திரையில் ஒரு ஃபிரேமுக்கான நேரம் அதற்குள் போய்விடுகிறது. விரல் வைத்ததும் வரும் திக்கல் பெரும்பாலும் இதுதான்.

இதற்கு மருந்து 5.3 கெர்னலிலேயே வந்துவிட்டது: யூகிளாம்ப். ‘இந்த வேலைக்குக் குறைந்தது இவ்வளவு வேண்டும்’ என்று முன்கூட்டியே சொல்லிவிடலாம். ஆண்ட்ராய்டு இதைப் பயன்படுத்துகிறது. டெஸ்க்டாப் மென்பொருள் எழுதுகிறவர்களே, நீங்களும் தயவுசெய்து சொல்லுங்கள். ஒரு விண்டோவை நகர்த்த எல்லா கோரையும் நாள் முழுக்க ஏன் எரிக்க வேண்டும்?

தம்பியின் லேப்டாப்பை ஷெட்யூடிலுக்கு மாற்றி, வேகம் காட்டும் எண்ணைத் திரையில் ஓடவிட்டேன். ஸ்க்ரோல் செய்தால் ஏறுகிறது, கையை எடுத்தால் 14 லட்சத்துக்கு வருகிறது. கிலோஹெர்ட்ஸ் கணக்கு அது, அதாவது 1.4 கிகாஹெர்ட்ஸ். கொஞ்ச நேரத்தில் ஃபேன் சத்தம் அடங்கியது. அவன் கையை எடுப்பதும் வைப்பதுமாக, "இறங்குது பாருங்கண்ணா" என்று சொல்லிக்கொண்டே இருந்தான்.